அழிந்த உயிருக்கு மறு ஒப்பந்தம் இல்லை

தொழிற்சங்கப் பத்திரிகையில் காண்டாமிருகத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வசதி, கூட்டு ஒப்பந்தம் என்று நமக்கே ஆயிரம் பிரச்சினைகள் இருக்கும்போது காட்டு விலங்குகளைப் பற்றிக் கவலைப்படுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு அல்லவா என்றும் நினைக்கலாம். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பால் வெட்டிய தாய் தகப்பனுக்கு லயத்தில் பிறந்து, தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காடு என்றால் பாம்பு, பன்றி, யானைத் தொல்லை என்ற எண்ணமே எனக்கும் இருந்தது. அந்த எண்ணம் தவறு என்று எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். காட்டு உயிர்களின் அழிவு தொழிலாளியின் பிரச்சினை. அதைப் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் தொழிற்சங்க மேடையும் ஒன்று. இதுவே என் கருத்து.

காண்டாமிருகத்தின் முடிவு

2019ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி சபா மாநிலத்தில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் இறந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு தாம் என்ற ஆண் காண்டாமிருகம் இறந்திருந்தது. இமான் கண்ணை மூடியதோடு மலேசிய மண்ணில் சுமத்திரா காண்டாமிருகம் என்ற இனமே இல்லாமற் போயிற்று. இன்று அந்த இனம் இந்தோனேசியாவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அங்கும் நூற்றுக்கு மிகக் குறைவான விலங்குகளே உள்ளன. அதன் உறவு இனமான ஜாவா காண்டாமிருகமும் ஒரு காலத்தில் நம் தீபகற்பத்தில் திரிந்ததுதான். 1932இல் சுட்டு வீழ்த்தப்பட்ட விலங்கே இங்கு அதன் கடைசி விலங்கு என்று சரித்திரம் கூறுகிறது.

இந்த இனம் எப்படி அழிந்தது? முதலில் கொம்புக்காக வேட்டையாடினார்கள். பிறகு காட்டைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக மிஞ்சிய விலங்குகள் ஒன்றையொன்று தேடிக் காண முடியாமற் போயின. ஆணோடு சேராமல் நீண்ட காலம் தனித்திருக்கும் பெண் காண்டாமிருகத்தின் கர்ப்பப்பையில் கட்டிகள் உண்டாகின்றன. பிறகு துணை கிடைத்தாலும் கன்று தரிப்பதில்லை. இமானுக்கும் அந்தக் கட்டிகள் இருந்தன. ஆக, கடைசி விலங்கு சாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த இனத்தின் கதை முடிந்துவிடுகிறது. நாம் விழித்துக்கொண்டு ஓடும்போது மருந்தும் இல்லை, மருத்துவனும் இல்லை.

தொழிற்சங்கத்தில் பழகிய நமக்கு இதன் பொருள் நன்றாக விளங்க வேண்டும். ஒரு தோட்டத்தில் அநியாயமாக ஆட்குறைப்பு நடந்தால் சங்கம் வழக்காடும். தொழில் நீதிமன்றம் போன வேலையைத் திரும்பவும் வாங்கிக் கொடுக்கலாம். கூட்டு ஒப்பந்தத்தில் இந்த முறை தோற்றால் மூன்று வருடம் கழித்து மறுபடியும் மேசையில் உட்காரலாம். நம் போராட்டங்கள் எல்லாவற்றுக்கும் இன்னொரு நாள் உண்டு. செத்தொழிந்த இனத்துக்கு அந்த இன்னொரு நாள் கிடையாது. அதற்கு எந்த நீதிமன்றமும் உயிர் கொடுக்காது. மறு ஒப்பந்தம் என்ற பேச்சே அங்கு இல்லை.

ஓசையில்லாமல் நடக்கும் அழிவு

காண்டாமிருகம் பெரிய விலங்கு. அதன் சாவு செய்தியாயிற்று. செய்தியாகாத சாவுகள் எத்தனை!

நம் நாட்டின் சின்னத்தை இரு புறமும் தாங்கி நிற்பது புலி. 1950களில் தீபகற்பத்துக் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு என்று தெரிய வந்தது. திரங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு ஏழுவரி ஆமைகள் வந்து முட்டையிடுவதைக் காணப் பல தேசத்தார் வந்து காத்திருந்த காலம் உண்டு. 1950களில் ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் கூடுகள் வரை இருந்தன. முட்டைகளை ஏறத்தாழ ஒன்று விடாமல் அள்ளிச் சந்தையில் விற்றோம். கடலில் ஆமைகள் வலையில் சிக்கிச் செத்தன. இன்று ஓர் ஏழுவரி ஆமை கரையேறினால் அது பத்திரிகைச் செய்தி. ஆமை முட்டை வியாபாரம் முழுவதையும் 2022இல் அம்மாநிலம் தடை செய்தது. நல்ல காரியம், ஆனால் காலம் கடந்த காரியம்.

பகாங்கில் குவாந்தானுக்கு அருகே புக்கிட் பாஞ்சிங் என்றொரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. சுண்ணாம்புக் கல்லுக்காக அதை வெட்டி வெட்டித் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் குன்றில் மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு நத்தை இனம் உண்டு. உலகில் வேறெங்கும் அது கிடையாது. குன்று போனது, நத்தையும் போனது. அரிசி மணி அளவுகூட இல்லாத அந்த உயிருக்காக அழுதவர் எவரும் இல்லை.

என் அனுபவத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்த தோட்டத்தின் எல்லையில் காடு இருந்தது. விடியற்காலையில் ஆட்கள் பிரட்டு முடிந்து நிரைக்குப் போகிற நேரத்தில், அந்தக் காட்டிலிருந்து உங்காக் குரங்குகள் கூவுகிற ஓசை கேட்கும். ஒன்று தொடங்கும், மற்றவை சேர்ந்துகொள்ளும். “உங்கா கூவிவிட்டது, இன்னும் மங்கைத் துடைக்காமல் என்ன செய்கிறாய்” என்று என் தாயார் அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. பின்னர் அந்தக் காடு வெட்டப்பட்டுச் செம்பனை ஆயிற்று. உங்காவின் குரலும் நின்றது. அது எந்த நாளில் நின்றது என்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. அழிவு என்பது இப்படித்தான் வருகிறது. யாரும் சங்கு ஊதி அறிவிப்பதில்லை.

ஐக்கிய நாடுகளின் ஆதரவோடு அமைந்த உலக அறிஞர் குழு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சுமார் பத்து லட்சம் விலங்கு, தாவர இனங்கள் அழிவை எதிர்நோக்கி நிற்கின்றன என்றும், அதற்குக் காரணம் மனிதனின் செய்கைகளே என்றும் அது கூறியது. நிலத்தையும் கடலையும் மாற்றுவது, அளவுக்கு மீறி வேட்டையாடுவதும் பிடிப்பதும், தட்பவெப்ப மாற்றம், தூய்மைக்கேடு, ஓரிடத்து உயிரை இன்னோரிடத்தில் கொண்டுபோய் விடுவது ஆகிய ஐந்தையும் அது முக்கியக் காரணங்களாகக் காட்டியது.

முதலில் பலியானவர் யார்?

நிற்க. இதெல்லாம் நமக்கு எப்படிச் சம்பந்தம்?

காடு அழிந்தபோது முதல் கடனைக் கட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்தாம். 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர், மலேரியாக் காய்ச்சலைப் பற்றி ஆராய்ந்தார். மலைப்பாங்கான தோட்டங்களில் அவர் ஒரு விபரீதத்தைக் கண்டார். நிழல் அடர்ந்த காட்டில் ஓடிய நீரோடைகள், மரங்களை வெட்டியதும் வெயிலில் பட்டன. வெயில்பட்ட தெளிந்த ஓடையில் முட்டையிடும் ஒருவகைக் கொசு அங்கே பெருகிற்று. அது மலேரியாவைக் கொண்டு வந்தது. கப்பலேறி வந்த கூலிகள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். பலர் ஊர் திரும்பவே இல்லை. காட்டை வெட்டு என்று உத்தரவிட்டவன் குன்றின்மேல் பங்களாவில் இருந்தான். ஓடைக்கரை லயத்தில் இருந்தவன் செத்தான்.

அது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா, 2018 முதல் நம் நாட்டுக்குள் தோன்றவில்லை என்பது பெருமைக்குரிய செய்தி. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் வேறொரு மலேரியா இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடிக்கிறது. காடு வெட்டப்பட்ட வட்டாரங்களில் இது கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குரங்குக்கு இருந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அது தோட்டத்து ஓரத்துக்கு வந்துவிட்டது. அந்தக் காய்ச்சலில் படுப்பவர்களில் பெரும்பாலோர் காட்டோரத்தில் தோட்ட வேலையும் விவசாய வேலையும் செய்பவர்களே.

விஷ மருந்தின் கதையும் இப்படிப்பட்டதே. முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்து பாராகுவாட் அடித்த நம் தோட்டத்துத் தாய்மார்களை நாம் மறக்க முடியுமா? நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று அவர்கள் சொல்லியும் வெகு காலம் கேட்பாரில்லை. 2002இல் அரசாங்கம் அதற்குத் தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுத் தடை நடப்புக்கு வந்தது. விஷம் தெளித்த நிரையில் புல் போகிறது. புல்லை அண்டி வாழும் பூச்சி போகிறது. பூச்சியைத் தின்னும் பறவை வேறிடம் தேடுகிறது. தெளித்த கைக்கும் கேடு வருகிறது. சிற்றுயிரைக் கொல்லும் வழியும் தொழிலாளியைக் கொல்லும் வழியும் பல சமயங்களில் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம்.

நம் மரத்தின் வரலாறு

ரப்பர் மரம் நம் ஊர் மரமன்று என்பது யாவரும் அறிந்ததே. 1876இல் ஹென்றி விக்கம் என்ற வெள்ளையர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறத்தாழ 2,700. 1877இல் அவற்றில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில கோலகங்சாருக்குப் போயின. ஆசியாக் கண்டத்தில் மலைமலையாக நடப்பட்ட ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வம்சமே. கோடிக்கணக்கான மரங்கள், ஆனால் ஒரே குடும்பம்!

ஒரே குடும்பத்துக்கு ஒரே நோய் போதும். ரப்பரின் தாய்நாட்டில் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சணம் இருக்கிறது. காட்டில் ரப்பர் மரங்கள் வேறு மரங்களுக்கிடையே விலகி விலகி நிற்பதால் அந்த நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவ முடிவதில்லை. மோட்டார் வண்டி முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928இல் அதே அமேசானில் பெருந்தோட்டம் போட்டு, காட்டை வெட்டி ரப்பரை நெருக்கமாக நட்டார். பூஞ்சணம் வந்தது, தோட்டம் தோற்றது, 1945இல் அதைப் பிரேசில் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். அந்த நோய் கடல் கடந்து இங்கு வராமல் இருக்க வேண்டுமே என்பதுதான் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களின் நெடுநாளைய கவலை. இதற்கிடையே வேறொரு இலை உதிர்வு நோய் 2016 வாக்கில் சுமத்திராவில் தோன்றி நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் வாளி நிறையாது. வாளி நிறையாவிட்டால் யார் வீட்டில் அடுப்பு அணையும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மருந்து எங்கே இருக்கிறது? 1981இல் பல நாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து பிரேசில் காட்டுக்குள் போனார்கள். ஆக்ரே, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ ஆகிய மாநிலங்களில் 64,000க்கும் மேற்பட்ட காட்டு விதைகளைச் சேகரித்தார்கள். அதில் ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்து இங்கே நடப்பட்டது. நோய் தாங்கும் புது மரத்தை உண்டாக்க வேண்டுமானால் அதற்கான குணம் அந்தக் காட்டு மரங்களில்தான் கிடைக்கும். அதாவது நம் பிழைப்பின் விதைக் களஞ்சியம் காடு. அந்தக் காட்டைக் கொளுத்தி மாட்டுப் பண்ணை போட்டுவிட்டால், நாளை நோய் வரும்போது எந்தக் கதவைத் தட்டுவோம்?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உலக உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கில் ரப்பர்த் தோட்டமும் ‘காடு’ என்ற பட்டியலில் சேர்கிறது. நம் நாட்டிலும் மரத்துக்காக வளர்க்கும் ரப்பரை நடுவதற்கென்று வனப் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் இயற்கைக் காட்டை வெட்டினார்கள். ஏட்டில் காடு குறையவில்லை என்பார்கள். இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்தவனைக் கேட்கட்டும்; ரப்பர்க் காட்டுக்கும் உண்மைக் காட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் சொல்வான். இதைக் கணக்குப் புத்தகத்தில் மறைக்க முயல்வது, இல்லாத ஆளைச் செக்ரோலில் எழுதுவது போன்றதே. இத்தகைய புது நடவுக்குத் தீபகற்பத்தில் 2022 முதல் குறைந்தது 15 ஆண்டுகளுக்கு நிறுத்தம் போடப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. அதை மாநிலங்கள் காக்கின்றனவா என்று கண்காணிப்பது நம் கடமையுமாகும்.

கூலி வாங்காத தொழிலாளிகள்

செம்பனையில் வேலை செய்த மூத்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். அந்நாட்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளை ஆட்களே ஊத வேண்டியிருந்தது. முள்ளுக்கும் மட்டைக்கும் இடையே கையை நுழைத்து மரம் மரமாக இந்த வேலை நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டு வந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டு வரவில்லை. 1981இல் கமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டைக் கொண்டு வந்து விட்டார்கள். அது வந்தபின் காய் பிடிப்பு உயர்ந்தது. ஆள் வைத்து ஊதும் வேலை தேவையற்றுப் போயிற்று. முதலாளிகள் கோடி கோடியாகச் சேர்த்த எண்ணெய்ப் பணத்தின் பின்னால் ஒரு பூச்சியின் உழைப்பு இருக்கிறது.

பத்துமலையில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறோம். அந்தக் குகைகளில் வாழும் வௌவால்களை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அவற்றில் பூந்தேன் குடிக்கும் ஓர் இனம் உண்டு. இரவில் டுரியான் பூ விரியும்போது அதில் தேன் குடித்து மகரந்தத்தைச் சுமந்து சென்று காய் பிடிக்க வைப்பது முக்கியமாக அந்த வௌவால்தான். டுரியான் பூப்பதோ வருடத்தில் சில வாரங்கள். மற்ற நாட்களில் அது என்ன செய்யும்? 1970களில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: நாற்பது கிலோமீட்டர் வரை பறந்து கடலோரச் சதுப்புக் காட்டு மரங்களின் பூவை அது நாடுகிறது. கடலோரக் காட்டை வெட்டி மீன் குளமும் வீடும் கட்டினால், எங்கோ உள்நாட்டில் கம்பத்துக்காரரின் டுரியான் மரம் காய்க்காமல் நிற்கும். காரணம் அவருக்குத் தெரியாது. குகை, கடலோரம், பழமரம் மூன்றையும் ஒரு வௌவாலின் சிறகு இணைத்து வைத்திருக்கிறது. இத்தகைய உழைப்பாளிகள் கூலி கேட்பதில்லை, சங்கம் வைப்பதில்லை. அவர்களுக்காகப் பேச நம்மைப் போன்றவர்கள் இருந்தால்தான் உண்டு.

ஆக்ரேயின் பால்வெட்டுத் தொழிலாளிகள்

அப்படிப் பேசிய தொழிற்சங்கம் உண்டா? உண்டு. அதுவும் நம் தொழிலைச் செய்தவர்களின் சங்கமே!

1981இல் விதை சேகரிக்கப் போன ஆக்ரே மாநிலத்திலே, ஷாபுரி என்ற ஊரில் சிக்கோ மென்டெஸ் என்றொரு பால்வெட்டுத் தொழிலாளி இருந்தார். சிறு வயதிலேயே தகப்பனோடு காட்டுக்குப் போய் ரப்பர் மரம் வெட்டியவர். எழுதப் படிக்கப் பிந்திக் கற்றுக்கொண்டவர். அவரும் அவர் தோழர்களும் காட்டில் தாமாக வளர்ந்த ரப்பர் மரங்களில் பால் எடுத்துப் பிழைத்தார்கள். மாட்டுப் பண்ணை முதலாளிகள் வந்து காட்டை வெட்டிக் கொளுத்தத் தொடங்கியபோது, மரம் போனால் வேலை போகும், வேலை போனால் ஊர் போகும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் திரண்டு போய், மரம் வெட்ட வந்த இயந்திர வாளின் முன்னே நின்றார்கள். வெட்ட வந்தவர்களும் கூலிக்காரர்களே என்பதால் அவர்களிடம் பேசித் திருப்பி அனுப்பினார்கள்.

1988ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி சிக்கோ மென்டெஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்ணை முதலாளி ஒருவரும் அவர் மகனும் 1990இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அதே 1990இல் பிரேசில் அரசாங்கம் அவர் பெயரால் ஒரு பெரும் காட்டை ஒதுக்கியது. அதன் பரப்பு ஒன்பது லட்சம் ஹெக்டருக்கும் மேல். அங்கே காட்டைப் பெருவாரியாக வெட்டக் கூடாது. பால் எடுப்பவர்களும் காட்டுக் கொட்டை பொறுக்குபவர்களும் குடியிருந்து பிழைக்கலாம். அங்கும் அத்துமீறல்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆயினும் தொழிலாளியையும் காட்டையும் சேர்த்தே காக்க முடியும் என்ற வழியை உலகத்துக்குக் காட்டியவர்கள் பால்வெட்டுத் தொழிலாளிகளே. இதை நம் சங்கப் பள்ளிகளில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சில ஆட்சேபங்கள்

“வயிறு காய்ந்தவனிடம் புலியைப் பற்றிப் பேசாதே” என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் புலியை ஒழித்ததால் எந்தத் தொழிலாளியின் வயிறு நிறைந்தது? காட்டை வெட்டி வந்த லாபம் பங்கு வைத்தவர்களுக்குப் போயிற்று. வெள்ளமும் காய்ச்சலும் யானைத் தொல்லையும் நம் பங்குக்கு வந்தன.

“தங்கள் காட்டை அழித்து, நம் காட்டையும் அழித்து, ரப்பரிலும் ஈயத்திலும் பணம் சேர்த்த தேசத்தார் இன்று நமக்கு உபதேசம் செய்கிறார்களே” என்றும் கேட்பார்கள். உண்மைதான். அவர்கள் பட்ட கடனை அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும். அதற்காக மிஞ்சியதை நாமே அழித்துக்கொள்வது, அண்டை வீட்டான் மீதுள்ள கோபத்தில் நம் கூரைக்கு நெருப்பு வைப்பதாகும்.

நம்மிடமும் குற்றம் இல்லாமல் இல்லை. பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் புலியும் தாப்பீரும் கால் அறுபட்டுச் சாகின்றன. காட்டிறைச்சி கிடைத்தால் பெருநாள் போலப் பங்கு போட்டவர்கள் நம்மில் உண்டு. என் வீட்டுச் சட்டியிலும் அது வெந்ததுண்டு. பாடும் பறவையைக் கூண்டில் அடைத்து விற்பவர்களும் உண்டு. முதலாளியின் குற்றத்தைச் சொல்லும் வாய்க்கு இதைச் சொல்லவும் நேர்மை வேண்டும். கோடரி பிடித்தவனின் பங்கு, உத்தரவு போட்டவனின் பங்குக்குச் சமமாகாது. ஆனால் அது பூஜ்யமும் அன்று.

சங்கம் செய்ய வேண்டியது

ஆகவே என் யோசனைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் ஒரு பட்டை நிலம் நடாமல் மரத்தோடு விடப்பட வேண்டும். மருந்து அடிப்பதும் அங்கே கூடாது. நாம் குளிக்கும் நீருக்கும் அதுவே பாதுகாப்பு.

இரண்டாவது, மருந்து அடிக்கும் வேலையைப் பற்றி ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். என்ன மருந்து என்று தொழிலாளியின் மொழியில் சொல்லப்பட வேண்டும். பாதுகாப்பு உடை நிர்வாகத்தின் செலவில் கிடைக்க வேண்டும். நிரையை மொட்டையாக்குவதற்குப் பதிலாக மூடுகொடி வளர்க்கக்கூடிய இடங்களில் அதையே செய்யலாம்.

மூன்றாவது, நம் லயங்களில் கம்பிக் கண்ணி இருக்கக் கூடாது. காட்டிறைச்சி வாங்குவதில்லை என்று ஒவ்வொரு கிளையும் உறுதி எடுக்க வேண்டும். கண்ணியைக் கண்டால் வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்று நம்மோடு இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் நேப்பாளத் தோழர்களும் வேலை செய்கிறார்கள். இந்தச் செய்தியை அவர்கள் மொழியிலும் கொண்டு செல்ல வேண்டும்.

நான்காவது, யானை வரும் தோட்டங்களில் மின்வேலியும் எச்சரிக்கை ஏற்பாடும் நிர்வாகத்தின் பொறுப்பு. யானை நடமாடும் வேளையில் இருட்டில் போக மறுக்கும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது. காயம் பட்டால் முழு நஷ்டஈடு வேண்டும். தொழிலாளிக்குப் பாதுகாப்பு உறுதியானால் யானைக்கு விஷம் வைக்கும் எண்ணம் எவருக்கும் தோன்றாது.

ஐந்தாவது, இயற்கைக் காட்டை வெட்டி ரப்பரோ செம்பனையோ புதிதாக நடுவதைத் தொழிற்சங்கம் பகிரங்கமாக எதிர்க்க வேண்டும். வயது முதிர்ந்த தோட்டங்களிலேயே மறு நடவு செய்ய இடம் உண்டு. வேலை வேண்டுமானால் அங்கே உண்டு.

இவற்றில் எதுவும் நடவாத காரியமன்று. எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் நடவாது என்றார்கள். மாதச் சம்பளம் கேட்டபோதும் நடவாது என்றார்கள். கேட்காதவனுக்கு எதுவும் கிடைத்ததில்லை என்பதே நம் சங்க சரித்திரம்.

தோழர்களே! வரும் கிளைக் கூட்டத்தில் சம்பளத் தீர்மானத்தோடு இந்தத் தீர்மானத்தையும் வையுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். காண்டாமிருகத்துக்காக யாரும் அன்று தீர்மானம் வைக்கவில்லை; இன்று வைத்துப் பயனில்லை. புலிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எங்கேனும் ஒரு தோட்டத்து எல்லையில், விடியற்காலையில் உங்கா இன்னும் கூவிக்கொண்டிருக்கிறது. அந்தத் தோட்டத்துத் தோழர் இதைப் படித்தால், அந்தக் குரல் நிற்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.